கேப்டன் விட்டுச்சென்ற கணக்கு



பட்டம் பெறும் இளைஞர்களே, இந்தப் பட்டமளிப்பு மேடையில் பட்டமே வாங்காத ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். பள்ளிப் படிப்போடு நின்றவர். மதுரைக் கீரைத்துறையில் அப்பாவின் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சினிமா ஆசையில் சென்னைக்குப் போனவர். வீட்டில் வைத்த பெயர் விஜயராஜ். நாடறிந்த பெயர் விஜயகாந்த்.

நடிகர்களின் அரசியலுக்கும் மதுரை வட்டாரத்துக்கும் உள்ள உறவு பழையது. சேடப்பட்டிக்காரரான எஸ்.எஸ். ராஜேந்திரன் 1962-இலேயே தேனியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். 1972-இல் கட்சிக் கணக்கைப் பொதுமேடையில் கேட்டு தி.மு.க.வை விட்டு நீக்கப்பட்ட எம்.ஜி.ஆரின் புதுக் கட்சிக்கு, அடுத்த ஆண்டே பெரிய வெற்றியைத் தந்தது பக்கத்துத் திண்டுக்கல். 1980-இல் மதுரை மேற்கில் வென்றுதான் அவர் மறுபடி முதல்வரானார். கமல்ஹாசன் 2018-இல் ஒத்தக்கடையில் கட்சி தொடங்கினார். விஜய் 2025-இல் பாரபத்தியில் மாநாடு நடத்தினார். இவர்களுக்கெல்லாம் மதுரை ராசியான ஊர். விஜயகாந்துக்கோ அது சொந்த ஊர். 2005 செப்டம்பர் 14 அன்று அவர் தே.மு.தி.க.வைத் தொடங்கியதும் இங்கேதான்.

அவருடைய படங்களை நான் பட்டியலிட வேண்டியதில்லை. 1979-இல் 'இனிக்கும் இளமை', 1981-இல் 'சட்டம் ஒரு இருட்டறை', 1984-இல் மட்டும் 18 படங்கள், நூறாவது படமாக 'கேப்டன் பிரபாகரன்'. அந்த வளர்ச்சியில் உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு. திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஆபாவாணன் கூட்டத்தை மற்றவர்கள் நம்பத் தயங்கிய காலத்தில், அவர்களோடு சேர்ந்து 1986-இல் 'ஊமை விழிகள்' படத்தில் நடித்தார். அதே கல்லூரியிலிருந்து வந்த ஆர்.கே. செல்வமணிக்கு முதல் படம் 'புலன் விசாரணை'யும் அவர் கொடுத்ததுதான். சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒரு வாய்ப்பு எவ்வளவு பெரிது என்பது, சான்றிதழ் இல்லாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அவர் படப்பிடிப்புகளின் சாப்பாட்டு நேரத்தைப் பற்றித் திரையுலகில் இன்றும் பேசுகிறார்கள். கதாநாயகனுக்கு ஒரு சமையல், லைட்மேனுக்கு ஒரு சமையல் என்று இருந்த இடம் அது. ஹீரோவுக்குப் போகும் அதே கறிக்குழம்பு கடைசித் தொழிலாளிக்கும் போக வேண்டும் என்றார், போனது. தியாகராய நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவர் அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி ஊரிலிருந்து வந்தவர்கள் பசியாறிய கதையைச் சொல்பவர்களில் பலர் பின்னாளில் பெரிய ஆட்களானார்கள்.

நான் இதைவிடப் பெரிதாக மதிப்பது இன்னொரு வேலையை. நடிகர் சங்கம் கடனில் மூழ்கிக் கிடந்த காலத்தில் அதன் தலைவராக வந்தார். 2002-இல் ரஜினி, கமல் முதல் துணை நடிகர்கள் வரை திரட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய் நட்சத்திர விழா நடத்தி, அந்தக் கடனை அடைத்தார். யார் எந்த விமானத்தில் வருகிறார், யாருக்கு எந்த அறை, யாருடைய கோபத்தை யார் போய்த் தணிப்பது என்று ஓயாத தலைவலி பிடித்த வேலை. வசனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. ஆனால் கணக்கு முடிந்தது.

இனி அரசியலுக்கு வருவோம். மக்களோடும் தெய்வத்தோடும் மட்டுமே கூட்டணி என்று சொல்லி 2006-இல் தனித்து நின்றார். விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான் வென்றார். ஆனாலும் கட்சிக்கு எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு. 2009-இல் அது பத்தைத் தொட்டது. 2011-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 41 இடங்களில் நின்று 29-இல் வென்றார். தி.மு.க.வுக்கு அப்போது 23தான். அரிசி ஆலைப் பையன் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்தே ஆண்டில் எல்லாம் கரைந்தது. கூட்டணி உடைந்தது. அவருடைய எம்.எல்.ஏ.க்களே சிலர் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். அனுபவசாலியான பண்ருட்டி ராமச்சந்திரன் 2013 இறுதியில் விலகினார். 2016-இல் முதல்வர் வேட்பாளராக நின்ற விஜயகாந்துக்கு உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் கூடக் கிடைக்கவில்லை; கட்சியின் வாக்கு 2.4 சதவீதம். உடல்நலமும் கைவிட்டது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தைப் பார்த்து, இந்தப் பாசமெல்லாம் வாக்குப்பெட்டிக்கு ஏன் வரவில்லை என்று பலர் கேட்டார்கள்.

என் பதில் இது. நடிகர் சங்கத்தில் அவர் வேலையைப் பகிர்ந்தார். கூட்டாளிகள் இருந்தார்கள், முடிக்க வேண்டிய கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. கட்சியில் எல்லாமே அவர் முகத்தை நம்பி நின்றது. கூட்டம் அவரைப் பார்க்க வந்தது, பார்த்துவிட்டுப் போனது. கிளைக்குக் கிளை, பேட்டைக்குப் பேட்டை, அவர் வராத நாளிலும் மக்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அலையும் ஆட்கள் போதுமான அளவு உருவாகவில்லை. இந்தக் குறை அவர் ஒருவருடையது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஆள் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார் என்று காத்திருக்கும் நம் பழக்கத்துக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய 'ரமணா'வை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் கல்லூரிப் பேராசிரியர். தாசில்தார்களைக் கடத்திப்போய், எவன் அதிகம் லஞ்சம் வாங்கினான் என்று பட்டியல் போட்டு, முதலிடம் பிடித்தவனைத் தீர்த்துக்கட்டுவார். கொட்டகையில் விசில் பறந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு ஒன்று உறுத்துகிறது: அவருக்கு அந்தத் தகவல்களையெல்லாம் திரட்டிக் கொடுப்பவர்கள் அவருடைய மாணவர்கள். பெயர் மட்டும் வாத்தியாருக்கு!

அந்த மாணவர்களைப் போலத் தகவல் திரட்ட நிஜத்திலும் ஒரு வழி உண்டு. தே.மு.தி.க. பிறந்த அடுத்த மாதமே, 2005 அக்டோபர் 12-இல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு மாநாடு இல்லை, மாலை இல்லை. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார ஒதுக்கிய பணம் எவ்வளவு, வேலையை எடுத்தவர் யார், பில் எந்தத் தேதியில் பாஸானது என்று கேட்கலாம். கிராமத்துப் பிள்ளைகள் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற நாட்களில் கூடும் கிராமசபையில் எழுந்து நின்று அதே கேள்வியை நேருக்கு நேர் கேட்கலாம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிடித்த நடிகரைக் கொண்டாடுங்கள். அவர் கட்சி தொடங்கினால் கொடியும் பிடியுங்கள், அது உங்கள் உரிமை. கையோடு அவரிடமும் கணக்குக் கேளுங்கள். உங்கள் வார்டில் நீங்களே ஒரு வேலையை எடுத்து, நாலு பேரைச் சேர்த்து, முடித்துக் காட்டுங்கள். நாளை உங்களில் ஒருவர் அரசியல் மேடையில் ஏறினால், கீழே நிற்பவர்களுக்கு உங்கள் முகத்தைவிட உங்கள் வேலை முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

பட்டம் பெற்ற அனைவருக்கும், அதற்காக நகையை அடகு வைத்த பெற்றோர்களுக்கும் என் வாழ்த்துகள்.