துர்காபாய் வரைந்த தேள்கொடுக்கு

(மதுரையில் சிறார் இலக்கியம் குறித்து நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சிறார் இலக்கியம் என்றதும் அழ.வள்ளியப்பாவில் தொடங்கி வாண்டுமாமாவுக்கு வருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் துர்காபாய் வ்யாமைப் பற்றிப் பேசுகிறேன்.

மத்தியப் பிரதேசம் மண்டலா மாவட்டத்தில் பிறந்தவர். பர்தான் கோண்டு பழங்குடி. பள்ளிக்கூடம் போனதில்லை. பர்தான்கள் கோண்டுகளின் பாணர்கள். பானா என்ற நரம்புக்கருவியை இசைத்துக் குலக்கதை பாடுவது அவர்கள் வழக்கம். பெண்கள் விழா நாட்களில் சுவரிலும் தரையிலும் திக்னா என்ற கோலம் போடுவார்கள். அதைப் பாட்டியிடம் கற்றவர் துர்காபாய். உறவினரான ஓவியர் ஜங்கர் சிங் ஷ்யாமின் ஊக்கத்தில் போபாலில் இருந்துகொண்டு தாளில் வரையத் தொடங்கினார்.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட, இரவில் மரங்கள் வாழும் வாழ்வைச் சொல்லும் நூலின் மூன்று ஓவியர்களில் அவர் ஒருவர். கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த அந்த நூல் 2008இல் பொலோனியா புத்தகக் கண்காட்சியின் விருதைப் பெற்றது. அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் ‘பீமாயணா’வை 2011இல் வெளியிட்ட நவயானா, தோழர் ரவிக்குமாரும் எஸ்.ஆனந்தும் 2003இல் சென்னையில் தொடங்கிய பதிப்பகம். ஸ்ரீவித்யா நடராஜனும் ஆனந்தும் எழுத, துர்காபாயும் அவர் கணவர் சுபாஷ் வ்யாமும் வரைந்தார்கள். படம் போட்டவரை நூலாசிரியராக எண்ணும் பழக்கம் நமக்கு இல்லை. எழுதத் தெரிந்தவன்தான் ஆசிரியன், வரைந்தவள் கைவேலைக்காரி. இதுவும் சாதிப் புத்திதான்.

‘பீமாயணா’வில் கட்டங்கள் கிடையாது. வழக்கமான சித்திரக்கதைபோல ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க இருவருக்கும் மனமில்லை. சாதித்திமிரோடு பேசுகிறவனின் பேச்சுக்குமிழுக்குத் தேள்கொடுக்கு இருக்கும். பரிவோடு பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவில் இருக்கும். மஹாத் குளத்தில் தண்ணீர் எடுக்கச் சொல்லி அம்பேத்கர் பேசும்போது ஒலிபெருக்கியிலிருந்து தண்ணீர் தெறிக்கும்.

மேலூர்ப் பக்கம் ஒரு சேரியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆங்கில வரிகளின் மேல் தமிழில் எழுதிய சீட்டுகளை ஒட்டி அந்த நூலைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். 1901இல் கோரேகானுக்குப் போகும் வழியில் சிறுவன் பீமுக்குத் தண்ணீர் கிடைக்காத பக்கத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. தேள்கொடுக்கையும் நான் விளக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "அண்ணே, டீக்கடைக்காரர் பேசுனா இப்படித்தான் இருக்கும்" என்றாள். நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம் என்று பல காலமாக அச்சிடுகிறார்கள். யார் செய்யும் பாவம், யாருக்கு வலிக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்வதில்லை. துர்காபாயின் கோடு ஆளைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு நூல், எனக்கு இதைவிட முக்கியமானது. காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதி, துர்காபாய் வரைந்து, 2007இல் வந்தது. பானை வனைவது, தோல் பதனிடுவது, துணி வெளுப்பது, முடி திருத்துவது, உழுவது, நெய்வது எல்லாவற்றிலும் இருக்கும் அறிவியலைச் சொல்கிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க எத்தனை தலைமுறை சோதித்திருப்பார்கள்! அது வேதியியல் இல்லையா?

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: இது ராஜாஜியின் குலக்கல்வி இல்லையா? கேட்க வேண்டிய கேள்வி. 1953இல் வந்து 1954இல் ஒழிந்த அந்தத் திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்திலும் அதே வாடை அடிக்கிறது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். அய்லய்யாவின் நூல் தோல் தொழிலாளியின் பிள்ளையிடம் தோல் வேலைக்குப் போ என்று சொல்வதில்லை. அந்த வேலையைக் கேவலம் என்று நினைக்கும் பிள்ளையிடம்தான் முதலில் பேசுகிறது. அதனால் இதை நம் மாலை வகுப்புகளில் மட்டும் வைத்தால் பாதி வேலைதான். ஊர்த்தெருப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி நூலகத்துக்குப் போக வேண்டும். புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறார் பகுதி இருக்கிறது. அங்கும் இது தமிழில் கிடைக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் தாத்தாவின் வேலையைக் கேட்டால் "கூலி" என்றே சொல்வான். வீட்டில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தோல் வேலைப் பக்கத்தைப் பார்த்த பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. படத்தில் குத்தூசி தப்பாக இருக்கிறது, பிடி இப்படி இருக்காது என்று மட்டும் சொன்னான். பென்சில் கேட்டு வாங்கிச் சரியான பிடியை ஓரத்தில் வரைந்தான்.

1989இல் உத்தப்புரத்தில் எழுந்த தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடித்தார்கள். எங்கள் வகுப்பறைச் சுவர் அப்படிப்பட்டதில்லை, காரை பெயர்ந்த சாதாரணச் சுவர். அதில் பிள்ளைகள் வரையப் போகிறார்கள். என்ன வரைவது என்று அவர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குமுன் காரை பூசிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஞாயிறு காலை வரமுடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். தமிழ்ச்சீட்டு எழுத நல்ல கையெழுத்து உள்ளவர்களும் வேண்டும், என் கையெழுத்தைப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை.