குரங்கின் சிரிப்பும் நம் மூளையும்
(சித்தூர், திருப்பதி அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருப்பவர்களுக்கும், திருப்பதியிலேயே குடியிருப்பவர்களுக்கும் அலிபிரி படிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கைப்பையையே நோட்டம் விடும் குரங்குகளையும் தெரியும். ஒன்று பல்லைக் காட்டினால் குழந்தையிடம், "பாரு, சிரிக்கிறது!" என்கிறோம். அது சிரிப்பு இல்லை. நம் நாட்டுக் குரங்கு சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால், பெரும்பாலும் பயம் அல்லது பணிவு. வாயைத் திறந்துகொண்டு முறைத்தால் மிரட்டல். நாம் ஆசையாக உற்றுப் பார்ப்பதும் அதன் கணக்கில் மிரட்டல்தான்! குழந்தைகள் கடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

குரங்கின் மூளையில், முகத்தைக் கண்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் செல்கள் இருப்பதை அமெரிக்காவில் சார்லஸ் கிராஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நமக்கும் முகத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு என்று 1997-ல் நான்சி கான்விஷர் காட்டினார். ஆட்டையும் லேசாக நினைக்காதீர்கள். 2001-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், செம்மறி ஆடுகள் 50 ஆடுகளின் முகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருந்தன.

யார் என்று தெரிவது வேறு. என்ன பாவம் என்று தெரிவது வேறு. மூளைக்குள் பாதாம்பருப்பு போல அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் அது சிதைந்த ஒரு பெண்மணியைப் பற்றி 1994-ல் எழுதினார்கள். தெரிந்தவர்களை அடையாளம் கண்டாள். பயந்த முகத்தைத்தான் படிக்க முடியவில்லை. காரணம் 2005-ல் தெரிந்தது. அவள் எதிராளியின் கண்களைப் பார்ப்பதே இல்லை! கண்ணைப் பார் என்று சொன்னதும் பயம் புரிந்தது. நாட்டியத்தில் பயானக ரஸத்துக்குக் கண்ணை விரிக்கச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞனைப் பரிசோதித்தார். நேரில் பார்த்தால், அம்மா ஜாடையில் யாரோ வந்திருப்பதாகச் சொல்வான். டெலிபோனில் பேசினால் அம்மாதான் என்பான். முகம் பார்க்கும் பகுதியிலிருந்து உணர்ச்சிப் பகுதிக்குப் போகும் பாதை அறுந்திருக்க வேண்டும், குரலின் பாதை தப்பியிருக்கிறது என்பது அவர் விளக்கம்.

ஞாபகம் தேய்ந்த முதியவர்களுக்கும் இது வருவதுண்டு. அப்பா திடீரென்று, "நீ என் பெண் இல்லை" என்றால் அழாதீர்கள், வாதாடவும் வேண்டாம். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில், அடுத்த அறையிலிருந்து "அப்பா, நான்தான் வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். சில சமயம் பலிக்கிறது.