லெப்டொப் பழுதானால் கூச்சப்படாமல் கேளுங்கள்

(தோட்ட வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தில், டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விறகு பொறுக்க, துணி துவைக்க, டவுனுக்குப் போய் சாமான் வாங்க உங்களுக்கு இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் ஒரு மணித்தியாலத்தை எனக்குத் தந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன். நானும் லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன்தான். அம்மா கொழுந்து எடுத்தாங்க, அப்பா ஸ்டோர்ல வேலை. இப்போது டவுனில் சின்னதாக ஒரு கடை. கொம்பியூட்டர், லெப்டொப் ரிப்பேர். நானும் ஒரு பையனும்தான் ஆட்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள் அல்லவா? சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதுதான் நம்ம பக்கத்தில் பல வீடுகளுக்கு முதன்முதலாக லெப்டொப் வந்தது. சீட்டுக் காசில் வாங்கினவங்க இருக்காங்க, தோட்டை அடகு வைத்து வாங்கினவங்களும் இருக்காங்க. கொழும்பில் வேலை செய்கிற மகன் கொண்டுவந்து கொடுத்த பழையதும் உண்டு. அந்த மெஷின்களெல்லாம் வயசாகி இப்போது என் மேசைக்கு வருகின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா வந்தாங்க. எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாங்க. மகள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். லீவுக்கு வந்த இடத்தில் மெஷின் நின்றுவிட்டது.

"என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒன்னும் நடக்கல தம்பி. தானா நின்னுருச்சு."

திறந்து பார்த்தால் கீபோர்ட்டுக்குக் கீழே பால் தேத்தண்ணி காய்ந்து, சீனி பாணி மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் இளகி நெளிந்திருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. நான் மெதுவாக, "அம்மா, தேத்தண்ணி ஊத்துனா ஊத்துச்சுன்னு சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்" என்றேன். அவங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவன் தட்டிவிட்டானாம். சொன்னால் கடையில் ஏசுவார்கள், காசையும் கூட்டிக் கேட்பார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்காங்க.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரோ தேத்தண்ணியோ ஊற்றிவிட்டால் அந்த நிமிஷமே சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில செக்கன் விடாமல் அமர்த்தி மெஷினை முழுசாக நிறுத்துங்கள். பெட்டரி கழற்றக்கூடிய மாடலாக இருந்தால் கழற்றுங்கள். பிறகு விரித்தபடியே குப்புறச் சாய்த்து, கூடாரம் மாதிரி துணி மேல் வையுங்கள். ஈரம் இருக்கும்போது உள்ளே கரண்ட் ஓடுவதுதான் கூடுதலாகக் கெடுக்கிறது. "வேலை செய்யுதான்னு பார்ப்போம்" என்று பட்டனை அமர்த்தி அமர்த்திப் பார்ப்பதால்தான் பாதி மெஷின் சாகிறது. அடுப்படிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். உள்ளே இருக்கிற லிதியம் பெட்டரிக்குச் சூடு ஆகாது. மேலால் காய்ந்தாலும் சீனி உள்ளேதான் இருக்கும். அது செம்பை மெல்ல மெல்ல அரிக்கும். அதைத் திறந்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் என்ற திரவத்தால் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். அதற்கு எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன ஊற்றியது, எப்போது ஊற்றியது என்பதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் மறைக்காத மாதிரி எங்களிடமும் மறைக்காதீர்கள்.

அந்த மெஷின் என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

என் மனசில் உள்ள பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு வருகிற நம்ம ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். மேசைக்கு முன்னால், துரை ஆபிஸ் வாசலில் நின்ற மாதிரிதான் நிற்கிறாங்க. "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கவே கூச்சம். சொன்ன காசை எண்ணி வைத்துவிட்டுப் போய்விடுவாங்க. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்க்காமல் யாராவது கொழுந்தைக் கொடுத்துவிட்டு வருவீர்களா? சாக்குக்கு எவ்வளவு கழித்தாங்க, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தாங்க என்று சண்டை போடுகிறவர்கள்தானே நாம்? ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை எத்தனை வருஷம் தெருவில் நின்று கேட்டோம்! 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படிக் கேட்டு வாங்கின காசை ஒரு வார்த்தை கேட்காமல் என் மேசையில் வைத்தால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

அதனால் கேளுங்கள். என்ன பழுது? பார்ப்பதற்கு மட்டும் காசு எடுப்பீர்களா? மொத்தம் எவ்வளவு வரும்? அதற்கு மேலே போனால் வேலை தொடங்க முதல் போன் பண்ணிச் சொல்வீர்களா? போடுகிற சாமான் புதுசா, பழசா? கழற்றின பழைய சாமானைத் திருப்பித் தாருங்கள் என்றும் கேளுங்கள், அது உங்களுடையது. ஒழுங்கான கடைக்காரனுக்கு இதில் கோபம் வராது. கோபம் வந்தால் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடவுங்கள். என் கடையாக இருந்தாலும்தான்.

கொடுக்கும்போது அடிப்பக்கத்தில் உள்ள நம்பரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடியாததாக இருந்தால் முதலில் வாங்கின கடைக்கே கொண்டுபோங்கள். நாங்கள் திறந்துவிட்டால் அவர்கள் கையை விரித்துவிடலாம். பில் கேட்டு வாங்குங்கள். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதியிருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சபைக்கு 1977 என்ற நம்பரில் முறைப்பாடு சொல்லலாம். கையில் துண்டு இல்லாமல் முறைப்பாடு சொல்லப் போனால் நியாயம் எடுப்பது கஷ்டம்.

"செத்துப்போச்சு" என்று கொண்டுவருகிற மெஷின்களில் எத்தனையோ சாகவில்லை. சார்ஜர்தான் போயிருக்கும். அல்லது சார்ஜர் குத்துகிற ஓட்டை ஆடிப்போயிருக்கும். உங்கள் கண் முன்னால் வேறு சார்ஜர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. சார்ஜரைக் கையோடு கொண்டுவர மறக்காதீர்கள். சூடாகித் தானாக நிற்கிறதென்றால் கூடுதலாக ஃபேன் அடைத்திருக்கும். நம்ம காம்பராவில் விறகுப் புகை, மழைக்கால ஈரம், கம்பளிப் பஞ்சு மூன்றும் சேர்ந்து உள்ளே திரி மாதிரி அடைத்துக் கிடக்கும். கரப்பான் குடும்பமே இருந்த மெஷினையும் பார்த்திருக்கிறேன், சிரிக்காதீங்க. கம்பளி மேலேயும் மெத்தை மேலேயும் வைத்துப் பாவிக்க வேண்டாம். ஒரு பலகைத் துண்டு போதும்.

மெஷின் மெதுவாகப் போகிறதென்று புதுசு வாங்கக் கடன் எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பழைய சுழலும் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பல பழைய மெஷின்கள் நன்றாக ஓடும். டிஸ்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள். பெட்டரி வீங்கி மூடி மேலே எழும்பியிருந்தால் அமர்த்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ போடவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும்.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கடை திறந்த புதிதில் ஒரு தம்பி லெப்டொப் கொண்டுவந்தான். விண்டோஸ் ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு வேலை அதிகம். அழித்துவிட்டுப் புதுசாக விண்டோஸ் போட்டேன். மாலையில் வந்து திறந்து பார்த்தவன் அப்படியே நின்றான். அவனுடைய அப்பா செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருடைய படங்கள், அக்கா கல்யாணத்தில் அவர் பேசின வீடியோ, எல்லாம் டெஸ்க்டொப்பில்தான் இருந்திருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. அன்றிரவு முழுக்கக் கடையில் இருந்து, அழிந்ததை மீட்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சில படங்கள் வந்தன. வீடியோ வரவில்லை. அவன் ஏசவில்லை. "பரவாயில்ல அண்ணே" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்றும் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "அண்ணே, உள்ள அப்பா படம் இருக்கு" என்று அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் கூச்சம்தான்.

அதற்குப் பிறகு என் கொப்பியில் பெயருக்கு அடுத்ததாக எழுதுவது, "உள்ளே என்ன இருக்கிறது, அழிக்கலாமா?" என்பதுதான். நான் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். "கேட்காமல் ஃபோர்மட் அடிக்க வேண்டாம்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மெஷின் நன்றாக இருக்கும்போதே முக்கியமானதை ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

பெற்றோருக்கு இன்னொன்று. மகளுடைய லெப்டொப்பை அவளிடம் கேட்காமல் கடைக்குக் கொண்டுவராதீர்கள். அவளுடைய படங்கள், கடிதங்கள் உள்ளே இருக்கும். அவளே வந்து பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கதிரை போட்டுத் தருகிறேன். பாஸ்வேர்ட்டைத் துண்டில் எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை, அவளே அடித்துத் திறக்கலாம். கொடுத்தே ஆக வேண்டி வந்தால், மெஷின் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லை. முதலில் டிஸ்கைக் கழற்றி என் மெஷினில் குத்திப் பார்த்தேன். மகளின் ஆய்வுக் கட்டுரை முழுசாக இருந்தது. அந்த இடத்திலேயே போன் போட்டு மகளிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா உட்கார்ந்தாங்க. போர்ட்டைக் கழுவிக் காயவைத்ததும் உயிர் வந்தது. கீபோர்ட் மட்டும் சரிவரவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து எடுப்பித்துப் போட்டோம். நெளிந்த பக்கம் நெளிந்தபடிதான் இருக்கிறது. எடுக்க வந்த அன்று, "பழைய கீபோர்ட்டக் குடு தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாங்க. எதுக்கும்மா என்றேன். "சின்னவனுக்குக் காட்டணும்" என்றாங்க.

நான் பின்னேரம் நாலு மணி வரைக்கும் புள்ளக் காம்பரா திண்ணையில் இருப்பேன். பழுதானது இருந்தால் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். சார்ஜரோடு கொண்டுவாருங்கள்.