வாசல் கால்வாயும் பாலாறுதான்

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. மழைக்காக துஆ செய்கிற நாம், அந்த மழையை எந்த நிலையில் ஆற்றுக்கு அனுப்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வாணியம்பாடியில் பாலாறு என்று சொன்னதும் தோல் கழிவைத்தான் பேசுவோம். அதில் நியாயம் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் இழப்பீடு பற்றியும் கண்காணிப்பு பற்றியும் மீண்டும் உத்தரவிட்டது. இதே தோல் தொழில்தான் நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1919-ல் தொடங்கிய நமது இஸ்லாமியாக் கல்லூரிக்கும் தோல் வணிகர்களின் கொடை உண்டு. ஆகவே தொழிலும் வாழ வேண்டும், ஆறும் வாழ வேண்டும். தொழிற்சாலைகளிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் நம் வாசல் கால்வாயில் விழுவதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மழைநீர்க் கால்வாயில் போவதெல்லாம் எங்கோ சுத்திகரிக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடையில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் அது நேராக ஆற்றுக்குப் போகிறது. வெயில் காலம் முழுக்கத் தெருவில் தேங்கிய எண்ணெய், குப்பை, சாணம், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் முதல் மழை ஒரேயடியாகக் கழுவிக்கொண்டு போகும். அதனால் முதல் மழைத் தண்ணீரே மிக மோசமானது. பாலாறு மணல் ஆறு. மேலே வறண்டு கிடந்தாலும் அடியில் ஈரம் ஓடும். மேலே விட்ட அழுக்கு மணலில் இறங்கி நிலத்தடி நீரில் சேரும். குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும், குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகள் நம்பியிருப்பது போர்வெல் தண்ணீரைத்தான்.

மார்க்கம் இதை விட்டுவைக்கவில்லை. தண்ணீர்த் துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், நிழல் தரும் இடத்திலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்றார்கள். மழைநீர்க் கால்வாய் பாதையாகவும் இருக்கிறது, தண்ணீர்த் துறையாகவும் இருக்கிறது.

ஆகவே மழைக்கு முன் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து காரியங்களைச் செய்வோம்.

ஒன்று, வாசலைப் பெருக்கும்போது குப்பையைக் கால்வாயில் தள்ளாமல் அள்ளி எடுப்போம். பிளாஸ்டிக் பை சிறுபாலத்தை அடைத்தால், முதலில் தண்ணீர் புகுவது பள்ளத்துத் தெருவிலுள்ள ஏழை வீட்டில்தான்.

இரண்டு, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சகோதரர்கள் பழைய இன்ஜின் ஆயிலைக் கேனில் பிடித்து, அதை வாங்குபவர்களிடம் கொடுங்கள். சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், மரத்தூள் போட்டு அள்ளுங்கள்.

மூன்று, இறைச்சிக் கடையிலும் குர்பானி நாட்களிலும் இரத்தமும் குடல் கழிவும் கால்வாய்க்குப் போகக் கூடாது. அவை தண்ணீரில் அழுகும்போது அதிலுள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும். மீன்கள் செத்து மிதக்கும். குழி வெட்டிப் புதைப்போம், அல்லது நகராட்சி வண்டியில் சேர்ப்போம்.

நான்கு, சில வீடுகளில் செப்டிக் டேங்க் குழாய் நேராக மழைநீர்க் கால்வாயில் விடப்பட்டிருக்கிறது. பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் நடந்துதான் பிள்ளைகள் மதரஸாவுக்குப் போகிறார்கள். இடமுள்ளவர்கள் உறிஞ்சு குழி அமையுங்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு ஸதகா நிதியிலிருந்து உதவ அறக்கட்டளை தயாராக இருக்கிறது. பெயர் வெளியே வராது. டேங்க் எடுக்கும் லாரிக்குப் பணம் கொடுக்கும்போது, கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். ஓடையில் கொட்டுபவரை மறுமுறை அழைக்காதீர்கள்.

ஐந்து, 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அப்போது கட்டிய தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. பள்ளிவாசல்களில் பெரிய மாடி இருக்கிறது. அந்தத் தொட்டிகளைத் தூர் வாரினால், தெருவில் அடித்துக்கொண்டு ஓடும் தண்ணீர் நம் நிலத்துக்குள் இறங்கும். சோப்பு கலக்காத ஒளூத் தண்ணீரை மரங்களுக்கு விடலாம்.

இவற்றில் பெரிய செலவு பிடிக்கும் காரியம் உறிஞ்சு குழி ஒன்றுதான். மற்றவை மனசு வைத்தால் நடக்கும். ஜும்ஆவுக்குப் பின் மஹல்லாவுக்கு இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுங்கள். அவர்கள் கால்வாயைச் சுற்றிப் பார்த்து, அடைப்பு எங்கே, குழாய் எங்கே என்று எழுதி வரட்டும். நகராட்சி செய்ய வேண்டியதை மனுவாகக் கொடுப்போம். நாம் செய்ய வேண்டியதை நாமே செய்வோம்.

பாலாறு நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அமானிதம். அதை நம் பிள்ளைகளிடம் நல்லபடியாக ஒப்படைக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.