இருபத்திரண்டு வீடுகளின் பதில்

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் தாமே நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட முடியாது. அதற்கான ஆளும் பணமும் அரசிடம்தான் உண்டு. அதனால் இந்தியாவில் பெண்கள் நலம், குழந்தை வளர்ச்சி, கருவளம் பற்றிய சமூக ஆய்வுகளில் பெரும்பகுதி தேசிய குடும்பநல ஆய்வின் தரவை நம்பியே நடக்கிறது. 1992-93இல் தொடங்கிய இந்த ஆய்வை மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திவருகிறது. முதல் சுற்றின் தமிழ்நாட்டு அறிக்கையை அந்த நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்டது, திண்டுக்கல் மாவட்டம் அம்பாத்துரையில் உள்ள காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல அறக்கட்டளையின் மக்கள்தொகை ஆராய்ச்சி மையம்.

2015-16இல் நடந்த நான்காம் சுற்றிலிருந்துதான் நாடு முழுவதும் மாவட்டவாரியாகக் கணக்குக் கிடைக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் சுற்றில் 6,36,699 வீடுகளில் 7,24,115 பெண்கள் பதில் சொன்னார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தின் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்று இந்த ஆய்வில் இடம்பெற வேண்டுமானால் அது குலுக்கலில் விழ வேண்டும். மக்கள் அதிகமுள்ள கிராமத்துக்கு வாய்ப்பும் அதிகம். கிராமம் தேர்வானதும் முதலில் வீடுகள் எல்லாம் பட்டியலிடப்படும். அந்தப் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகள் எடுக்கப்படும். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு ஒப்பேற்றக் கூடாது. அந்த வீட்டுப் பெண் பூப்பறிக்கவோ மில் வேலைக்கோ போயிருந்தால், அவர் திரும்பும் நேரத்துக்கு மறுபடி வர வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலேயே இருப்பவர்களின் நிலைதான் ஊர் நிலை என்று பதிவாகிவிடும்.

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் பிரசவம், குழந்தைகள், தடுப்பூசி என்று நீண்ட நேரம் கேள்வி கேட்கப்படும். உயரம், எடை, ரத்த அழுத்தம் அளக்கப்படும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கப்படும். குடும்ப வன்முறை பற்றிய பகுதி சில வீடுகளில் மட்டுமே உண்டு. அங்கும் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமையில்தான் கேட்க வேண்டும். மாமியாரோ கணவரோ அருகில் வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஆராய்ச்சியாளர் கைக்கு வரும் கோப்பில் அந்தப் பெண் ஒரு வரிசை எண். பெயர் இல்லை, தெரு இல்லை. கிராமத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருப்பார்கள். சொன்னவரை யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதே காரணம். இவ்வளவு அந்தரங்கமான பதிலைத் தந்தவருக்கு இந்தக் காப்பு கட்டாயம் வேண்டும்.

கோப்பைத் திறந்தவுடன் சராசரி எடுத்தால் விடை தவறும். சிறிய மாவட்டத்திலும் பெரிய மாவட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வீடுகள் எடுக்கப்படுவதால், ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்பதைக் காட்டும் எடைக்காரணியைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆய்வு நேரடியாகக் கேட்காததையும் தேர்ந்தவர்கள் இந்தத் தரவிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மக்கள்தொகை ஆய்வாளர் டயான் காஃபி 2015இல் வெளியிட்ட கட்டுரை அப்படிப்பட்டது. கர்ப்பிணி ஒருவர் கருத்தரிப்பதற்கு முன் என்ன எடை இருந்தார் என்று கோப்பில் இல்லை. கருத்தரிக்காத பெண்களுக்கு, வயதிலும் கல்வியிலும் பிறவற்றிலும் கருத்தரித்தவர்களோடு ஒத்துவருமாறு எடைக்காரணி கொடுத்து அவர் கணக்கிட்டார். இந்தியாவில் கருத்தரிக்கும் தறுவாயில் இருக்கும் பெண்களில் 42.2 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள் என்று வந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 சதவீதம்தான்.

அளந்த விதத்தையும் பார்த்தாக வேண்டும். நான்காம் சுற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58.6 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதே காலத்தை ஒட்டி, 2016-18இல், ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்த இன்னொரு தேசிய ஆய்வு ஏறத்தாழ 41 சதவீதம் என்றது. வயது வரம்பில் சிறு வேறுபாடு உண்டு. ஆனாலும் விரலில் எடுக்கும் சொட்டுக்கும் ரத்தக்குழாயில் எடுக்கும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

இந்தத் தரவு திண்டுக்கல் மாவட்டத்தைப் பற்றிப் பேசும். மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் ஒன்றான ரெட்டியார்சத்திரத்தைத் தனியே கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அங்கே விழுந்திருக்கக்கூடிய ஓரிரு கிராமங்களை வைத்து ஒன்றியத்தின் நிலையைச் சொல்வது பிழை. அதைத் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர், தேசியக் கேள்வித்தாளையே கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கிராமங்களில் புதிதாகக் கேட்கலாம். கேள்வி ஒன்றாக இருந்தால் தம் விடையை மாவட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இந்தத் தரவைப் பெற ஆய்வின் நோக்கத்தை எழுதி விண்ணப்பித்தால் போதும், கட்டணம் இல்லை. பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க நிதியில் இயங்கிய ஒரு திட்டத்தின் இணையதளத்திலிருந்தே இதைப் பெற்றுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்த நிதி நின்றதும் புதிய விண்ணப்பங்களும் அங்கே அப்போது நின்றன. மும்பை நிறுவனத்திடமும் விண்ணப்பிக்கலாம். இதேபோல, வேலை, வீட்டுச் செலவு பற்றிய இன்னோர் அரசு ஆய்வான தேசிய மாதிரி ஆய்வின் கோப்புகளை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.