‘ஆமாங்க’ என்ற சொல்லுக்குப் பின்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் ரயிலில் வரும்போது கொளவாய் ஏரியைப் பார்த்ததுமே மனசு பழைய நாட்களுக்குப் போய்விட்டது. படிக்கிற காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடித்தவளை இன்று மேடையில் ஏற்றிப் பேசச் சொல்கிறீர்கள். மைக்கைக் கொடுத்தது நீங்கள். பின்விளைவுக்கு நான் பொறுப்பல்ல!

கவுன்சலிங் துறையில் வேலை செய்கிறேன் என்பதால் மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் சாதித்ததைச் சொல்லப் போவதில்லை. தவறிய கதைகளைச் சொல்கிறேன். அதில்தான் பாடம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2019 நவம்பரில்தான். அன்றைக்கு இது காஞ்சிபுரம் மாவட்டம். ஓர் அரிசி ஆலையில் முன்பணம் வாங்கிவிட்டுக் கொத்தடிமையாகக் கிடந்த சில இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நம் பக்கத்து ஆலைகளிலும் சூளைகளிலும் அது உடனே ஒழிந்துவிடவில்லை. மீட்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை தர என்னையும் அனுப்பினார்கள். கையில் புத்தம் புதுச் சான்றிதழ். கக்கத்தில் கேள்வித்தாள்.

முதலில் வந்தவள் ஓர் இளம்பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். குழந்தையைப் பறிகொடுத்தவள் என்று சொன்னார்கள். மேஜைக்கு அந்தப்புறம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான் படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

“ராத்திரி தூக்கம் வருதாம்மா?”

“ஆமாங்க.”

“படுத்தா தூக்கமே வரலையா?”

“ஆமாங்க.”

“சாப்பிட முடியுதா?” “ஆமாங்க.” “சாப்பாடு பிடிக்கலையா?” “ஆமாங்க.”

இருபது கேள்விக்கும் ஒரே பதில். இடையில் ஒரே ஒரு தடவை மட்டும் அவளாகவே ஒன்று சொன்னாள். “கன்னியம்மா வந்து எங்கிட்ட பேசுச்சுங்க.” நான் சுறுசுறுப்பாகக் குறித்துக்கொண்டேன்: ‘குரல் கேட்கிறது. புரிந்துகொள்ளும் திறன் குறைவு. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.’ கடைசியில், சம்மதம் என்பதற்கு அடையாளமாகக் கைநாட்டு வாங்கினேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர்கள் குடியிருப்பைத் தேடிக்கொண்டு போனேன். ஓர் ஆயா வாசலில் உட்கார்ந்து விறகு கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நீ பேப்பரை வச்சிக்கினு இன்னா கேட்டாலும் அது ஆமான்னுதான் சொல்லும் கண்ணு. பேப்பரைப் பார்த்தாலே எங்க கட்டைவிரலு தானா நீளும். அப்படித்தானே அந்த மில்லுல போய் மாட்டினோம்?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காகிதம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட எல்லோரையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். முன்பணம் கொடுத்தவர், கணக்கு எழுதியவர், காவலர், வன அலுவலர். ‘இல்லை’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ‘ஆமாங்க’ என்பது அங்கே சம்மதம் இல்லை. அது ஒரு கேடயம். நான் அதைப் புத்திக்குறைவு என்று எழுதி வைத்திருந்தேன்.

இருளர் யார் என்று மாணவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1.9 லட்சம் பேர். அரசு, குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களில் ஒன்று. நம் சமவெளி இருளர்கள் ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகு 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்பட்ட விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் இங்கிருந்துதான் போனது. இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள். இந்த மண்ணைப் பற்றி இவ்வளவு அறிவு உள்ளவர்களைத்தான் நான் ‘திறன் குறைவு’ என்று எழுதினேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் பக்கத்து இருளர்கள் பேசுவது தமிழ்தான். வேற்றுமொழிக்காரர் வந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவோம். இவர்களிடம் ‘நம்ம ஆளுங்கதானே’ என்று எதையும் விசாரிக்காமல் வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். மொழி ஒன்றாக இருந்தால் அனுபவமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் வழுக்குகிறது.

கதைக்கு வருகிறேன். அந்த ஆயா என்னைப் போகச் சொல்லவில்லை. “மாசி மகத்துக்குக் கடலுக்கு வா, அது அங்க வரும்” என்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனேன். அந்தக் காட்சியை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். மாசி மாதப் பௌர்ணமிக்குப் பல ஊர்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து, மணலில் புடவையாலும் தார்ப்பாயாலும் சிறு கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட கன்னியம்மன் அன்றைக்குக் கரைக்கு வருவதாக நம்பிக்கை. விடியற்காலையில் மணலில் படி கட்டி, பூவும் பழமும் தேங்காயும் வைத்துக் கும்பிடுகிறார்கள். மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது, பெண் கேட்பது, கல்யாணம் எல்லாம் அந்தக் கரையிலேயே நடக்கின்றன. சாமி வந்தவரிடம் குறை சொல்லி ஆறுதல் கேட்கிறார்கள்.

அங்கே மணலில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் படிவம் இல்லை. அவள் மாமியாரும் உடன் இருந்தார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளே சொன்னாள். குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆலையை விட்டு வெளியே போக விடவில்லை. நாலாம் நாள் விட்டபோது காலம் கடந்துவிட்டது. “நானு மதில் ஏறிக் குதிச்சாவது போயிருக்கணுங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம், சாமி வந்த ஒரு பெரியவர் மூலமாகக் கன்னியம்மா பேசியதாம்: பிள்ளை என்னிடம் இருக்கிறது, உன் மேல் தப்பில்லை என்று. அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாகத் தூங்கினாளாம்.

தோழர்களே, அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்த ஒரே மருந்து அது. அதைத்தான் நான் நோயின் அறிகுறி என்று எழுதியிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒரு வருஷம் அவளை அவள் வீட்டுத் திண்ணையிலேயே சந்தித்துப் பேசினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ‘அவங்க வழக்கத்தை மதியுங்கள்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அடுத்து நேர் எதிரான தப்பைச் செய்தேன்.

சவுக்கு வெட்டப் போகும் ஓர் இளைஞன். திடீர் திடீரென்று விழுந்து கை கால் உதறுவான். நான்தான் பாடம் கற்றவளாயிற்றே! ‘சாமி வருவது அவர்கள் பண்பாடு, நாம் தலையிடக்கூடாது’ என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து அடுப்பின் மேல் விழுந்து கை வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வலிப்பு நோய். மாத்திரை ஆரம்பித்தபின் கட்டுக்குள் வந்துவிட்டது. அவன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை மறக்க முடியாது.

“அது சாமி இல்லன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். சாமி வந்தா நாக்கு கடிபடாது. நீங்க கேக்கவே இல்லியே?”

கேட்கவே இல்லை! முதல் முறை, என் புத்தகத்தை நம்பினேன். இரண்டாம் முறை, ‘இருளர் என்றால் இப்படித்தான்’ என்று நானே மனதில் எழுதிக்கொண்ட இன்னொரு புத்தகத்தை நம்பினேன். இரண்டு முறையும் எதிரே இருந்த மனிதரைக் கேட்கவில்லை. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். பண்பாட்டு விழிப்புணர்வு என்பது ஒரு சமூகத்தைப் பற்றிப் பட்டியல் மனப்பாடம் செய்வது இல்லை. நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவர்களிடமே கேட்பது.

உலகத்தில் மற்றவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள், பண்பாட்டுத் ‘தேர்ச்சி’ என்று பேசுவதைவிடப் பண்பாட்டுப் ‘பணிவு’ என்று பேசுவதே சரி என்று எழுதினார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், உங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள், காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள் என்ற போக்கில் 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறை ஒன்றைச் சேர்த்தார்கள். நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ம், சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குமுன் அவருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் விளக்க வேண்டும் என்கிறது. நான் வாங்கிய அந்தக் கைநாட்டு இன்றைய சட்டத்தில் செல்லாது!

மூன்றாவது ஒரு சம்பவம். சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் மேலே படிக்க மாட்டேன் என்கிறான், ‘ஆர்வம் இல்லை, அவங்க பசங்களே அப்படித்தான்’ என்று ஓர் ஆசிரியர் என்னிடம் அனுப்பி வைத்தார். பையனிடம் கேட்டேன். சாதிச் சான்றிதழ் இல்லை. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். அப்பா மூன்று முறை கூலி வேலையை விட்டு அலைந்து, பிறகு கைவிட்டுவிட்டார். அந்தப் பையனுக்கு என் அறிவுரை தேவைப்படவில்லை. அலுவலகத்துக்குக் கூட வர ஓர் ஆள் தேவைப்பட்டது. வறுமையையும் அலைச்சலையும் ‘பண்பாடு’ என்று பெயர் சூட்டிவிட்டால் நம் வேலை சுலபமாகிவிடும். அந்தச் சுலபத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சமூகப்பணியும் உளவியலும் படிக்கிற மாணவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில யோசனைகள். ‘ஆமா, இல்லை’ என்று பதில் வரும் கேள்வியைத் தவிருங்கள். “நடந்ததைச் சொல்லுங்க” என்று ஆரம்பியுங்கள். காகிதத்தை முதல் நாளே வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால், அது எதற்கு, யார் படிப்பார்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னால் எந்த உதவியும் நிற்காது என்பதைச் சொல்லுங்கள், அப்படியே நடந்தும் காட்டுங்கள். யார் கூட இருக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். ஆயாவோ மாமியாரோ உடன் இருந்தால்தான் சிலருக்குப் பேச்சு வரும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எதிரில் வாய் திறக்க முடியாத பெண்களும் உண்டு. அவர்களுக்குத் தனியாக ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். அடி உதையும் சின்ன வயசுக் கல்யாணமும் எந்த ஊரிலும் பண்பாடு இல்லை. கூலி போகிற நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். பத்து வீடு உள்ள குடியிருப்பில் ரகசியம் காப்பது கஷ்டம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கவுன்சலிங்குக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டுவது என்று பொருள். முள்ளுக்காட்டில் பாம்புத் தடம் பார்த்து நடக்கிறவர்களுக்கு நான் வழிகாட்டப் போனேன். கடைசியில் எனக்குத்தான் அந்த ஆயா வழிகாட்டினார்.

நிறைவாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் மேடைக்கும் நன்கொடை கொடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். இந்த வருஷம் வேறு ஒன்றும் செய்யலாம். வருவாய்த்துறையிலும் சட்டத்துறையிலும் இருக்கிற நம் பழைய மாணவர்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்தால், சான்றிதழுக்கு அலையும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவலாம். நான் சொன்ன அந்தப் பையனுக்குச் சான்றிதழ் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. பிறகு அவன் பட்டப்படிப்பில் சேர்ந்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழு மாதம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். இன்னும் யார் யார் வருகிறீர்கள் என்று சாப்பாட்டுப் பந்தியில் வந்து பெயர் கொடுங்கள்.