பாட்டு நேரம் தெரியும், மற்றதெல்லாம் எத்தனை மணிக்கு?

(நைனார்பாளையத்தில் ஊர் இசைவிழா நடத்தத் திட்டமிடும் இளைஞர்கள், மகளிர் குழுவினர், பெரியவர்கள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்.)



பெரியவங்க முன்னாடி மைக் பிடிக்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. நான் செய்தித் துறைக்காக எழுதுற பொண்ணு, இதழியல் படிச்சவள். விழா நடத்திப் பழக்கம் உங்களுக்குத்தான். ஆனா நீங்க காட்டின நோட்டீஸ்ல ஒரு வரி என் கண்ணை உறுத்துச்சு. நாதஸ்வரம் எத்தனை மணி, பறை எத்தனை மணி, தெருக்கூத்து எத்தனை மணி, எல்லாம் பெரிய எழுத்துல இருக்கு. கடைசியில, “மேலும் மருத்துவ முகாம், சிறுவர் போட்டிகள், அரசு சேவை முகாம், உணவுக் கடைகள் நடைபெறும்” என்று சின்ன எழுத்துல ஒரு வரி. எப்போ, எங்கேன்னு இல்லை. இன்னிக்கு அந்த ஒரு வரியைப் பத்தி மட்டும் பேசிட்டு உட்கார்ந்துடுறேன்.

மத்தவங்க தப்பைச் சொல்றதுக்கு முன்னாடி என் தப்பைச் சொல்லிடணும். கல்லூரி முடிச்ச புதுசுல ஒரு ஊர் இசைவிழாவுக்குத் தன்னார்வலரா இருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செஞ்சது நான்தான். மருத்துவ முகாமுக்கு எங்கேயும் இடம் கிடைக்காம, மாலை 4 முதல் 6 வரைன்னு போட்டுட்டேன். அதே 4 மணிக்குத்தான் நாதஸ்வரம். செவிலியர் அக்கா ரெண்டு பேரும் மேசையில ரத்த அழுத்தக் கருவியை விரிச்சு வெச்சுட்டு, பந்தல் பக்கமே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வந்தது 11 பேர். எங்க ஆயாவும் அன்னிக்கு அங்கே இருந்தாங்க. “வாசிப்பு முடியட்டும் பாப்பா, போறேன்”னாங்க. வாசிப்பு முடிஞ்சப்போ மேசையை மடக்கி வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

நாலு மாசம் கழிச்சு ஆயாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. ரத்த அழுத்தம் ரொம்ப நாளாவே அதிகமா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அன்னிக்கு அளந்திருந்தா தடுத்திருக்கலாமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அளக்காமப் போனதுக்குக் காரணம் நான் அடிச்ச நேரம். ஆயா இப்போ இடது கையால சாப்பிடப் பழகிட்டாங்க. பூ கட்டுறதுதான் முடியலை.

சரி, பெரிய விழாக்கள்ல இதை எப்படிச் செய்றாங்கன்னு பாப்போம். 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு இசை மாநாடும் நடந்துச்சு. அதிலிருந்து 1928-ல் பிறந்ததுதான் சென்னை மியூசிக் அகாடமி. கவனிங்க, அது பிறந்ததே மாநாட்டிலிருந்து. அதனால இன்னிக்கும் மார்கழி சீசன்ல அங்கே பாட்டோட சேர்த்துப் பேச்சும் உண்டு. ராகம், தாளம், பழைய ஓலைச்சுவடி, வாத்தியம் செய்யும் முறைன்னு செயல்விளக்க உரைகள். அதை எப்போ வெச்சிருக்காங்க? காலை 8 மணி வாக்குல. பெரிய வித்வான்கள் மேடையேறுறது சாயந்திரம். ஆக, உரை கேட்க வர்றவர் எந்தப் பெரிய கச்சேரியையும் இழக்கறதில்லை. அந்த வருஷம் சங்கீத கலாநிதி விருது பெறுகிறவரே காலை அமர்வுகளுக்குத் தலைமை தாங்கி உட்கார்றதால, “இது ஒப்புக்கு நடக்குற ஐட்டம்” என்ற நினைப்பே யாருக்கும் வராது. நம்ம ஊர்ல மருத்துவ முகாம் மேசைக்குப் பக்கத்துல ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முதல் ஆளா கையை நீட்டி உட்கார்ந்தா அதே மரியாதை அதுக்கும் வந்துடும்.

ராஜா அண்ணாமலை மன்றத்துல தமிழ் இசைச் சங்கம் விழா எடுக்குது. 1943-ல் தொடங்கின சங்கம். பண் ஆராய்ச்சிக் கூட்டத்தைத் தனி நிகழ்ச்சியா 1949-லிருந்து நடத்திட்டு வர்றாங்க. அங்கேயும் ஆராய்ச்சிக்கு ஒரு நேரம், கச்சேரிக்கு ஒரு நேரம். ஒண்ணு மேல ஒண்ணு விழாது.

சபா கேன்டீன் பத்தி ஒரு விஷயம். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா பாதிப் பேர் எழுந்து கேன்டீன் பக்கம் போயிடுவாங்கன்னு மிருதங்கக்காரங்க காலங்காலமா வருத்தப்படுறாங்க. வருத்தம் நியாயம்தான். ஆனா நம்மைப் போல ஏற்பாடு செய்றவங்களுக்கு அதுல ஒரு பாடம் இருக்கு. கூட்டம் எப்போ எழும், எந்தப் பக்கம் நடக்கும்னு முன்கூட்டியே சொல்லிட முடியும். நம்ம விழாவில ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏற, மைக் சரிபார்க்க, எப்படியும் 15, 20 நிமிஷம் ஆகும். அப்போதான் கூட்டம் எழும். குடிநீர்த் தொட்டியும் கழிப்பறையும் அந்த 20 நிமிஷத்தைத் தாங்கணும். பெண்கள் கழிப்பறை வரிசை ஆண்கள் வரிசையை விட நீளமா நிக்கும். இதை விழாக் குழுவில இருக்கிற ஆண்கள் தயவுசெஞ்சு எழுதி வெச்சுக்கோங்க.

பொங்கலையொட்டி அரசு நடத்துற சென்னை சங்கமம் விழாவைப் பார்த்திருப்பீங்க. 2023 ஜனவரியில ‘நம்ம ஊரு திருவிழா’ன்னு நடந்துச்சு. பூங்கா, விளையாட்டுத் திடல்னு நகரத்துல பல இடங்கள்ல, சாயந்திரம் கிராமியக் கலைகள், பக்கத்துலயே உணவுக் கடைகள். வேலை முடிஞ்சு வர்றவங்க ராத்திரி வீடு திரும்புறதுக்குள்ள பார்க்கிற மாதிரி நேரம். நகரத்துக்கு அது சரி. நமக்கு அந்த நேரத்தை அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஏன்னா நம்ம சாயந்திரம் வேற.

முன்னேற்பாடு இல்லேன்னா என்ன ஆகும்னு பார்க்க அமெரிக்காவே போகலாம். 1969 ஆகஸ்ட்ல வுட்ஸ்டாக் இசைவிழா. எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு கூட்டம், 4 லட்சம் பேருக்கு மேல வந்துட்டாங்க. சாப்பாட்டுக் கடைகள்ல சரக்கு தீர்ந்துபோச்சு. ஹாக் ஃபார்ம்னு ஒரு குழுவினர் பெரிய பாத்திரத்துல தானியக் கஞ்சி மாதிரி கிண்டி ஊத்தினாங்க, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வீட்டுல இருந்ததைக் கொடுத்து அனுப்பினாங்க. அந்த ஊர்க்காரங்க நல்லவங்க. ஆனா அவங்களை நம்பி விழா வைக்கக் கூடாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஒரு சார்ட் பேப்பர் எடுங்க. முதல்ல பாட்டை எழுதாதீங்க. யாராலயும் நகர்த்த முடியாததை எழுதுங்க. சின்னசேலம் போற கடைசி பஸ். காலையும் சாயந்திரமும் பால் ஊத்துற நேரம். வேலைக்குப் போன பெண்கள் வீடு திரும்புற நேரம். பொழுது சாயுற நேரம். அப்புறம் ராத்திரி 10 மணி. இந்த 10 மணி ஏன்னா, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தர முடியும். அது தானா வர்றதில்லை, முறையா அனுமதி இருக்கணும். காவல் நிலையத்துல எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து அனுமதிக் கடிதத்தோட நகலைக் கையில வெச்சுக்கோங்க, போன்லயும் படம் எடுத்து வெச்சுக்கோங்க. விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது கஷ்டமான சேதிதான். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

இதுக்கப்புறம்தான் பாட்டு. அதுல மிச்சம் இருக்கிற இடைவெளிதான் மத்த நிகழ்ச்சிகளுக்கு.

மருத்துவ முகாம் காலையில இருக்கட்டும். ஏன் காலைன்னு கேட்டா, ரத்த அழுத்தம் பார்க்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் அமைதியா உட்கார்ந்திருக்கணும், அரை மணி நேரத்துக்குள்ள காபி, டீ, புகையிலை இருக்கக் கூடாது. பறைக்குப் பத்தடி தள்ளி மேசை போட்டு, கேசரி சாப்பிட்டுட்டு ஆடிட்டு வந்தவருக்கு அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தா கருவி ஒரு எண் காட்டும், அதை வெச்சு டாக்டர் என்ன சொல்வார்? மேடைக்கு முதுகு காட்டுற இடமா, ஸ்பீக்கர் முகம் திரும்பாத பக்கமா, முடிஞ்சா பள்ளி வகுப்பறையா பாருங்க.

ரத்ததான முகாமும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே. கொடுக்கிறவருக்கு 18 வயசு முடிஞ்சிருக்கணும், எடை குறைஞ்சது 45 கிலோ. வெறும் வயித்துல வரக் கூடாது. கொடுத்துட்டு ஓய்வெடுக்க நிழல் வேணும். ரத்தம் கொடுத்த பையனை அடுத்த அரை மணியில பறையாட்டத்துக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. இது நடந்த கதை.

அரசு சேவை முகாம்தான் ரொம்பக் கவனிக்க வேண்டியது. ஆதார் சார்ந்த வேலைகள் பலதுக்கும் போன்ல ஓடிபி வரணும். ஓடிபி வர்றது ஆதார்ல பதிவான எண்ணுக்கு. அந்த போன் திருப்பூர்ல வேலை பார்க்கிற மகன்கிட்ட இருந்தா, அம்மா இங்கே வரிசையில நின்னு என்ன பண்றது? ஒரு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்பில சொல்லிடுங்க: எந்தச் சேவைக்கு என்ன அசல் ஆவணம், எந்த போன் கையில இருக்கணும். கூட்டம் சேர்ந்தபிறகு எல்லாரும் வீடியோ எடுத்து அனுப்புவாங்க, நெட்வொர்க் திணறும். அதனால இந்த முகாமும் கச்சேரிக்கு முன்னாடியே முடியட்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வர்றவங்க இருந்தா, அவங்க பஸ் வந்து சேருற நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது பிறகு முடியுற மாதிரி வையுங்க. அவங்களுக்கு டோக்கன் தனியா கொடுத்தாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி, ஓட்டப் போட்டின்னு வழக்கமா வைப்பீங்க. கூடவே ஒண்ணு கேட்கிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க எத்தனை பேர் உளி பிடிக்கிற கையை நேர்ல பார்த்திருக்காங்க? ஒரு கைவினைஞரைக் கூப்பிட்டு, மரத்தடியில 3 மணி நேரம் அவர் பாட்டுக்குச் செதுக்கட்டும். பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. இப்படி மெல்ல நடக்குற விஷயத்துக்கு ஆரம்ப நேரம், முடியுற நேரம் அவ்வளவு முக்கியமில்லை. அவருக்கு அன்றைய கூலியும் சாப்பாடும் முக்கியம்.

உணவுக் கடை போடுறவங்க, அன்னதானம் செய்றவங்க உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முன்னாடியே முடிச்சுடுங்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு போதும்.

இனி பொன்னாடை. சிரிக்காதீங்க, கணக்குப் போடுங்க. 20 பேருக்கு ஆளுக்கு 2 நிமிஷம்னா 40 நிமிஷம். ஒரு பறைக் குழுவோட முழு நேரம் அது. ராத்திரி 9.20-க்கு மேடையேற வேண்டிய கூத்துக் கலைஞர் வேஷம் கட்டி அரிதாரம் பூசி 10 மணிக்கு மேடையேறினா, அவருக்கு மைக் கிடையாது. வெயில்ல வேர்த்து, வந்த கூலிக்கு வந்தவர்தானேன்னு அவரைச் சுருக்கச் சொல்லுவோம். மரியாதையெல்லாம் ஒரே தடவையா, பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி, 10 நிமிஷத்துல முடிச்சுடலாம். பேர் விட்டுப்போச்சுன்னு கோவிச்சுக்கிறவங்களை நான் வந்து சமாதானம் பண்றேன்.

கடைசியா நோட்டீஸ். நாலு பக்க பிடிஎஃப் யாரும் திறக்க மாட்டாங்க. போன் திரையில விரலால பெருசாக்காம படிக்கிற மாதிரி ஒரே படம். பாட்டு ஒரு நிறத்துல, மத்தது ஒரு நிறத்துல, இடம் எதுன்னு பக்கத்துலயே. நேரம் மாறினா பழைய படத்துக்கு மேல புதுசை அனுப்பாம, தேதியும் ‘மாற்றப்பட்டது’ன்னும் போட்டு அனுப்புங்க. டீக்கடையிலயும் பால் சொசைட்டியிலயும் அதையே அச்சடிச்சு ஒட்டுங்க, எங்க ஆயா மாதிரி போன் இல்லாதவங்க அங்கேதான் பார்ப்பாங்க. பாட்டு ஓயுற ஒவ்வொரு இடைவெளியிலயும் மைக்ல ஒருத்தர் அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன, எங்கேன்னு சொல்லணும். 108, 112 எண்களையும் அதோடயே சொல்லிடுங்க.

டீ வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். சார்ட் பேப்பர் இங்கேயே இருக்கு, ஸ்கெட்ச் பேனா என்கிட்ட இருக்கு. பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஐயா ஏதோ சொல்லணும்னு கை தூக்கினார். காலைப் பால் எத்தனை மணிக்கு ஊத்துறீங்கய்யா? அதுலேருந்தே ஆரம்பிச்சுடலாம்.